மெலிவு என்னும் அடையாளம்

15ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையின் இரண்டாம் அத்தியாயம் முடியும் இடத்தில், ஹடயோகம் ஒருவனுக்குக் கைகூடிவிட்டது என்பதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. முகத்தின் தெளிவு, கண்களின் தூய்மை, நோயின்மை, பசித்தீ மூளுதல், நாடிகளின் சுத்தி என்று அடையாளங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அந்த வரிசையில் முதலாவதாக நிற்பது உடல் மெலிவு.

யோகம் உடல் எடையைக் குறைக்குமா என்று இன்று கேட்பவர்களைப் பார்த்து, இவர்கள் ஞானமார்க்கத்தைக் கொழுப்புக் கரைக்கும் இயந்திரமாக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் இந்த இடத்தைக் கவனித்ததில்லை போலும். அதே சமயம், பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று கிளம்புகிறவர்களுக்கும் இந்நூல் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அடையாளம் வேறு, நோக்கம் வேறு. நன்றாக உழுத நிலத்தில் மண்புழு தென்படுகிறது என்பதற்காக மண்புழுவுக்காக யாரும் உழுவதில்லை.

பிரதீபிகை உடற்கொழுப்பைப் பற்றி நேராகவே பேசும் இடமும் ஒன்றுண்டு. கொழுப்பும் கபமும் மிகுந்தவன் மூச்சுப்பயிற்சியைத் தொடங்குமுன் ஆறு சுத்திகளைச் செய்யவேண்டும். மற்றவர்களுக்கு அவை தேவையில்லை என்கிறது. தௌதி, வஸ்தி, நேதி, த்ராடகம், நௌலி, கபாலபாதி என்பன அந்த ஆறு. தௌதி என்றால் 4 விரற்கடை அகலமும் 15 முழ நீளமும் கொண்ட நனைந்த துணியைச் சிறிதுசிறிதாக விழுங்கி, பிறகு வெளியே இழுப்பது. இத்தனையையும் விவரித்துவிட்டு, சில ஆசிரியர்கள் இவற்றை ஒப்புவதில்லை, மூச்சை ஒழுங்குபடுத்தினாலே மலங்கள் நீங்கிவிடும் என்பது அவர்கள் கருத்து என்று ஒரு குறிப்பையும் சேர்க்கிறார் ஸ்வாத்மாராமர். மாற்றுக் கருத்தை மறைக்காத இந்தப் பண்புக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது, கொழுத்தவனுக்கான மருந்தாக இங்கே ஆசனம் பரிந்துரைக்கப்படவில்லை என்பது. பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்களே 15தான். அவற்றுள் பெரும்பகுதி அமர்ந்து செய்பவை. புதிதாகத் தொடங்குபவனுக்கு அந்நூல் தரும் உணவுமுறை இன்னும் வேடிக்கையானது: பயிற்சியின் ஆரம்ப காலத்தில் பாலும் நெய்யும் சேர்ந்த உணவே சிறந்தது என்கிறது. பட்டினி கூடாது, உடலை வருத்தும் செயல்கள் கூடாது. யோகத்தைக் கெடுக்கும் ஆறு தீமைகளை எண்ணும்போது அதீத உணவுக்கு அடுத்ததாக அது வைப்பது அதீத உழைப்பை. காலை ஐந்து மணிக்கு வெறும்வயிற்றில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து, கறுப்புக் காப்பி குடித்துவிட்டு அலுவலகம் செல்லும் நம் காலத்துப் புதுமுகத்தை ஸ்வாத்மாராமர் கண்டால் யோகியென்று ஒப்பியிருக்கமாட்டார்.

தமிழில் திருமூலரும் ஏறக்குறைய இதே பாங்கில்தான் நிற்கிறார். அவரது காலம் பற்றிய சர்ச்சைக்குள் இங்கே போகவேண்டியதில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்பு யோகத்தை விரிக்கிறது. அதில் ஆதனத்துக்கென அமைந்தவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பாடல்களே; பத்மாசனம், பத்திரம், சிங்கம், கோமுகம் போன்ற சில இருக்கைகளோடு அவர் நகர்ந்துவிடுகிறார். மூச்சுக்கும் தியானத்துக்கும் அளிக்கும் இடம் பலமடங்கு பெரிது. உடம்பைப் பேணுதல் அவருக்கு முக்கியம்தான். ஆனால் அது அழகுக்கான பேணல் அன்று. உள்ளே ஒருவன் குடியிருக்கிறான் என்பதற்கான பேணல். பதஞ்சலியோ இன்னும் சிக்கனமானவர். ஏறத்தாழ 195 சூத்திரங்களில் ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. இருக்கை அசையாமலும் வசதியாகவும் இருந்தால் போதும் அவருக்கு.

அப்படியானால் இன்று நாம் ‘யோகா’ என்று சொல்லும், நின்றும் வளைந்தும் தாவியும் செய்யும் பயிற்சி எங்கிருந்து வந்தது? இதற்கான பதில் பெரும்பாலும் 1890களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் இருக்கிறது.

1896இல் வெளியான தமது ராஜயோகம் நூலில் விவேகானந்தர் ஹடயோகத்தை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார். அதன் பயிற்சிகள் கடினமானவை, ஆன்மிக வளர்ச்சிக்குப் பெரிதாக உதவாதவை என்பது அவர் கருத்து. கற்றோர் நடுவே ஹடயோகி என்றால் ஆணிப்படுக்கையில் கிடக்கும் பிச்சைக்காரன் என்ற பிம்பமே அன்று நிலவியது. ஆனால் அதே காலத்தில் வேறொரு காற்றும் வீசிக்கொண்டிருந்தது. அடிமைப்பட்ட தேசத்து ஆண்கள் சோனிகள் என்று ஆள்பவன் சொல்லிக்கொண்டிருந்தான்; அதை மறுக்கும் வெறி ஊருக்கு ஊர் தேகப்பயிற்சிக் கூடங்களாக முளைத்தது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம்மிடம் முன்பே இருந்தன. அவற்றோடு ஸ்வீடனில் லிங் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கருவியில்லா உடற்பயிற்சி முறை பள்ளிகள் வழியாகவும் ராணுவம் வழியாகவும் வந்து சேர்ந்தது. 1904-05இல் யூஜீன் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் ஏற்கெனவே இங்கு புகழ்பெற்ற பெயர். தமிழில் இறுக்கமான கையில்லா பனியனுக்கு இன்றுவரை ‘சாண்டோ பனியன்’ என்றே வழக்கு. ஒரு ஜெர்மானியப் பயில்வானுக்கு இதைவிட நீடித்த நினைவுச்சின்னம் கிடைத்திருக்க முடியாது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நாடெங்கும் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் ஆசனம் தன் சமாதியிலிருந்து எழுந்து உடற்பயிற்சி மைதானத்துக்கு வருகிறது. 1918இல் பம்பாயில் யோக நிலையத்தைத் தொடங்கிய யோகேந்திரர் இளமையில் மல்யுத்தம் பயின்றவர். 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய குவலயானந்தர் ஆசனங்களையும் நௌலியையும் எக்ஸ்ரே கருவியின் முன் நிறுத்தினார். வயிற்றின் உள்ளே அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். அதற்கென்றே யோக மீமாம்சை என்ற இதழையும் நடத்தினார். பெங்களூரில் எஸ். சுந்தரம் 1920களின் இறுதியில் ஆசனங்களை உடற்பயிற்சியாகவே முன்வைத்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னாளில் அவரது ‘சுந்தர யோக சிகிச்சை’ தமிழ் வீடுகளில் பரவலாகப் புழங்கியது. அவருக்குத் தோழராக இருந்தவர் பெங்களூரின் புகழ்பெற்ற உடற்கட்டு ஆசான் கே.வி. ஐயர். யோகமும் இரும்புக்குண்டும் அன்று ஒரே மேடையில் நின்றன என்பதற்கு இந்த நட்பே சாட்சி.

சூரிய நமஸ்காரத்தின் கதை இன்னும் வியப்பானது. இன்றைய சாதாரா மாவட்டத்தில் இருந்த ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி பல ஆண்டுகள் சாண்டோ முறையில் பயின்றவர். பின்னர் அதை விட்டு நமஸ்காரத்துக்கு மாறி, தம் சமஸ்தானப் பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கினார். 1938இல் லண்டன் பத்திரிகையாளர் லூயிஸ் மோர்கன் அவரது முறையை ஆங்கில நூலாக்கியபோது, அது குடும்பத் தலைவிகளும் செய்யத்தக்க ஆரோக்கிய வழியாக முன்வைக்கப்பட்டது. ஆனால் 1930களில் சூரிய நமஸ்காரத்தை யோகம் என்று எல்லோரும் ஏற்கவில்லை. யோகேந்திரர் அதை யோகத்தோடு கலப்பதை எதிர்த்தார். மைசூர் அரண்மனையில்கூட யோகசாலை தனி, சூரிய நமஸ்கார வகுப்பு தனி.

மைசூர்தான் இந்தக் கதையின் நடு முற்றம். 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலையைத் தொடங்கினார். 1934இல் கன்னடத்திலும் 1938இல் தமிழிலும் அவரது யோக மகரந்தம் வெளிவந்தது. அவரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். துள்ளும் வயது. ஓர் ஆசனத்திலிருந்து மற்றொன்றுக்கு மூச்சோடு இணைத்துத் தாவிச்செல்லும் வின்யாச முறை அவர்களுக்காக வளர்ந்தது. அரசர் ஊர் ஊராகச் செயல்முறை விளக்கங்களுக்கு அனுப்பினார். கூட்டம் கைதட்ட வேண்டுமென்றால் பத்மாசனத்தில் கண்மூடி அமர்ந்திருந்தால் போதாது. பி.கே.எஸ். அய்யங்காரும் பட்டாபி ஜோய்ஸும் அந்தச் சிறுவர் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

இவ்விடத்தில் ஆய்வாளர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். மைசூர் அரண்மனை மரபைப் பற்றி 1996இல் எழுதிய நார்மன் ஷோமன், 19ஆம் நூற்றாண்டில் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆசனங்களின் படங்கள் இருப்பதை வெளியிட்டு, அரண்மனையின் உடற்பயிற்சி மரபுக்கும் கிருஷ்ணமாச்சாரியாருக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். 2010இல் மார்க் சிங்கிள்டன் இன்னும் ஓர் அடி சென்று, அன்று இந்தியாவில் பரவியிருந்த ஐரோப்பியப் பயிற்சிமுறைகளின் சாயலை இந்த வின்யாசத்தில் கண்டார். உடனே, யோகா என்பது வெள்ளைக்காரன் டிரில் என்று ஒரு சாராரும், இது சதி என்று மறு சாராரும் கச்சை கட்டினார்கள். பிறகு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடாப்பியாசபத்ததி என்னும் வடமொழிச் சுவடி ஆராயப்பட்டது. அதில் 112 ஆசனங்கள் உள்ளன. கயிற்றில் ஏறிச் செய்பவை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவை எல்லாம் உண்டு. அதன் ஆசிரியர் பெயர் கபாலகுரண்டகர். தமக்கு மூலநூல் யோக குரண்டம் என்று கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிவந்ததும், அந்தச் சுவடியை எறும்பு தின்றுவிட்டதாக அவர் மாணவர் வட்டத்தில் கதை உலவியதும் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆக, அசையும் ஆசனங்களை முழுக்க இறக்குமதிச் சரக்கு என்பது தவறு. வேதகாலம் முதல் மாறாமல் வந்தவை என்பது அதைவிடப் பெரிய தவறு. வாழும் கலைகள் எல்லாமே கடன் வாங்கியவைதான். கர்நாடக இசையில் வயலின் நுழைந்ததற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

உடல் எடை இந்த வரலாற்றுக்குள் நுழையும் வாசல் வேறு. மைசூர் சிறுவர்களில் யாரும் குண்டானவர்கள் அல்லர். அய்யங்கார் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நொந்து நூலாகி வந்தவர். மெலிவை ஓர் இலட்சியமாக்கியது மேற்கின் பெண்களுக்கான உடற்பயிற்சி இயக்கம். 1930இல் லண்டனில் மோலி பேகட் ஸ்டாக் தொடங்கிய ஆரோக்கிய-அழகு மகளிர் சங்கம் தரையில் அமர்ந்தும் படுத்தும் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகளை ஆயிரக்கணக்கானோருக்குக் கொண்டுசென்றது. இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடத்தில் நின்றவர் ரீகா நகரில் 1899இல் பிறந்த யூஜீனியா பீட்டர்சன், இந்திரா தேவி என்ற பெயரில் உலகறிந்தவர். 1930களின் பிற்பகுதியில் மைசூருக்கு வந்து தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கேட்டபோது கிருஷ்ணமாச்சாரியார் தயங்கினார். அந்நியர், அதிலும் பெண். அரசர் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். ஏற்றதும் முதலில் அவர் கைவைத்தது மாணவியின் உணவில்தான் என்பதை இந்திரா தேவியின் வரலாற்றைப் படிப்பவர்கள் கவனிக்கலாம்.

1947இல் இந்திரா தேவி ஹாலிவுட்டில் யோக நிலையம் திறந்தார். கிளோரியா ஸ்வான்சன், கிரெட்டா கார்போ போன்ற நடிகைகள் வந்தார்கள். 1953இலும் 1959இலும் வெளியான அவரது நூல்கள் இளமை, ஆரோக்கியம், ஆறு வாரத்தில் வீட்டிலேயே கற்கும் பாடத்திட்டம் என்று பேசின. 1961இல் ரிச்சர்ட் ஹிட்டில்மன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் யோகம் கற்பித்தார். பிறகு 28 நாள் திட்டங்கள், வெந்நீர்க் கொப்பரை போன்ற அறைகளில் செய்யும் பிக்ரம் முறை என்று வழி விரிந்தது. பிக்ரம் சௌத்ரி தம் 26 ஆசன வரிசைக்குக் காப்புரிமை கோரியதும், 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்ததும் தனிக் கதை. அந்த அறையில் ஒரு மணி நேரத்தில் குறையும் எடை பெரும்பாலும் வியர்வையின் எடை. இரண்டு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும்.

இனி அந்தக் கேள்விக்கே வருவோம். குறையுமா?

கணக்கு எளிது. அமைதியாக அமர்ந்திருக்கும்போது 60 கிலோ எடையுள்ளவர் மணிக்குச் சுமார் 60 கலோரி செலவிடுகிறார். நிதானமான ஹடயோகப் பயிற்சியில் அது ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது, அதாவது 150. சும்மா இருந்திருந்தாலும் 60 செலவாகியிருக்கும் என்பதால் நிகரச் செலவு 90 கலோரி. இரண்டு இட்லி. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். உணவு மாறாமல் இருந்தால், நாள்தோறும் ஒரு மணி நேரம் செய்தாலும் ஒரு கிலோ கரைய மூன்று மாதங்கள் ஆகும். விறுவிறுப்பான நடையே இதைவிட அதிகம் செலவழிக்கும். சூரிய நமஸ்காரத்தை இடைவிடாமல், வேகத்தோடு செய்தால் நடைக்கு ஈடாகவோ மேலாகவோ போகலாம். ஆனால் தொந்தியோடு புதிதாகத் தொடங்குபவரால் எத்தனை நிமிடம் அப்படிச் செய்ய முடியும்?

ஆய்வுகளும் இந்த ஏமாற்றத்தையே முதலில் சொல்கின்றன. 2016இல் 30 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு, பொதுவாக யோகம் எடையையோ கொழுப்பு விகிதத்தையோ குறைத்ததாகக் காணவில்லை. ஏற்கெனவே மிகை எடை உள்ளவர்களைத் தனியே பார்த்தபோது மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில், இடுப்புச் சுற்றளவு மிகுந்த 60 பெண்களைக் கொண்டு நடந்த 12 வாரப் பரிசோதனையில், யோகம் பயின்றவர்களின் இடுப்பு சராசரியாக 4 செ.மீ. அளவுக்குக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். என்றாலும் தையற்காரருக்குத் தெரியும், 4 செ.மீ. என்பது சிறிய அளவன்று.

எனக்கு இவற்றைவிடச் சுவையாகத் தோன்றுவது 2005இல் சியாட்டிலிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. ஆலன் கிரிஸ்டலும் அவரது குழுவினரும் நடுவயதினர் 15,500 பேரிடம், 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையே எடை எவ்வாறு மாறியது என்று கேட்டார்கள். மிகை எடை உள்ளவர்களில், நான்காண்டுகளோ அதற்கு மேலோ யோகம் செய்துவந்தவர்கள் ஏறத்தாழ 5 பவுண்டு இழந்திருந்தார்கள். செய்யாதவர்கள் 13 பவுண்டுக்கும் மேல் கூடியிருந்தார்கள். கேட்டறிந்த செய்திதான், யோகம் செய்பவர்கள் இயல்பிலேயே வேறு வகையினராகவும் இருக்கலாம். ஆனால் மேலே போட்ட இட்லிக் கணக்கால் இந்த இடைவெளியை விளக்கிவிட முடியாது என்பதை அவர்களும் உணர்ந்தார்கள். அதனால் 2009இல் உணவுக் கவனத்தை அளக்கும் ஒரு வினாத்தாளைத் தயாரித்தார்கள்: பசித்துத்தான் உண்கிறோமா, வயிறு நிறைந்ததை அறிகிறோமா, சோர்வுக்கும் சலிப்புக்கும் தீனி தின்கிறோமா. யோகம் செய்பவர்கள் அதில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். நடைப்பயிற்சி போன்றவற்றைச் செய்பவர்களிடம் அந்த உறவு தெரியவில்லை.

ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு வாக்குறுதி தரக்கூடியவை வேறு. மூட்டுகள் இளகும், சமநிலை கூடும், முதுகுவலி பலருக்குத் தணியும், மூச்சு சீராகும். இதயத்துக்குத் தேவையான உழைப்பை, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை, நடையாகவோ மிதிவண்டியாகவோ தனியே தேடிக்கொள்ள வேண்டும். உயர் இரத்த அழுத்தமோ கண்ணீர் அழுத்த நோயோ உள்ளவர் படம் பார்த்துச் சிரசாசனத்தில் நிற்கக்கூடாது. 1950களின் தொடக்கத்தில் மைசூர் யோகசாலை மூடப்பட்டுச் சென்னைக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சாரியார், சிறுவர்களைத் தாவச்செய்த முறையை இங்கு நடுவயது நோயாளிகளிடம் பிரயோகிக்கவில்லை. ஒருவருக்கு ஒருவராக, வயதையும் நோயையும் பார்த்துப் படுத்தபடியோ அமர்ந்தபடியோ சொல்லிக்கொடுத்தார். 1989இல் நூறு வயது கடந்து மறையும்வரை சென்னையில்தான் இருந்தார். உலக உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஏற்றுமதியானது பெரும்பாலும் மைசூரின் தாவல். தொந்திபோட்ட நாற்பது வயதுக்காரருக்குப் பொருத்தமான சென்னைப் பாடம் அந்த அளவுக்குச் சந்தையேறவில்லை.

பிரதீபிகையில் இன்னோரிடம். நூலின் முதல் அத்தியாயத்தில், ஆசனங்களுள் தலையாயது சித்தாசனம் என்று நிறுவ வரும் ஸ்வாத்மாராமர், அதற்கு உவமையாக இரண்டைச் சொல்கிறார்: நியமங்களுள் கொல்லாமை எப்படியோ, இயமங்களுள் மிதமான உணவு எப்படியோ அப்படி. பிறகு சற்றுத் தள்ளி அந்த மிதம் எவ்வளவு என்பதையும் வரையறுக்கிறார். வயிற்றில் கால் பங்கு காலியாக இருக்கவேண்டும்.